அப்பாவுக்கு அனுப்பிய பிசுப்போ

பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் என் அம்மாவை நான் அவமானப்படுத்தியது ஒரு வியாழக்கிழமை காலையில். வேண்டுமென்று செய்யவில்லை. அப்படிச் சொல்வதால் எதுவும் குறையப் போவதில்லை என்பதும் தெரியும்.

அப்போது நான் சவாயீ தீவில் ஊர் ஊராகப் போகும் நர்ஸ். ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா சொலொமோனா இறந்த மறு வருஷம் திரும்பி வந்திருந்தேன். அப்பாவைக் கொண்டுபோனது சர்க்கரை. முதலில் கால் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு ஆளே இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இப்படிப் போயிருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு ஊரிலும் பெண்களைக் கூட்டி வைத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஏழு ஊர் முடித்து எட்டாவதாக எங்கள் ஊர்.

பேச்சுக்கு நான் கொண்டுபோவது ஒரு டின் பிசுப்போ, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு ஸ்பூன். டின்னில் வரும் உப்பு மாட்டிறைச்சிக்கு எங்கள் வாயில் பிசுப்போ என்று பெயர். கல்யாணமோ சாவோ, அது பெட்டி பெட்டியாக வந்து இறங்காவிட்டால் எங்களுக்கு ஒன்றும் நடந்த மாதிரி இருக்காது. எல்லார் முன்னாலும் டின்னைத் திறந்து, மேலே படிந்திருக்கும் வெள்ளைக் கொழுப்பை ஸ்பூன் ஸ்பூனாகத் தட்டில் எடுத்து வைப்பேன். மற்ற ஊர்களில் ஐந்தாவது ஸ்பூனுக்கே பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எங்கள் ஊரில் சிரித்தார்கள்.

"அடியே பெனினா, அதைக் கீழ கொட்டிராதே! வாழைக்காய் வறுக்க எனக்கு வேணும்" என்றாள் மெலே சித்தி. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. நாற்பது பெண்களும் பாயைத் தட்டிச் சிரித்தார்கள்.

"இவளுக்கு மூக்கு ஒழுகினப்ப துடைச்சு விட்டவ நான். இன்னிக்கு எனக்குப் பாடம் எடுக்கறா" என்றாள் இன்னொருத்தி. மறுபடியும் சிரிப்பு.

வெள்ளை யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. சொந்த ஊரில்தான் என்னை மதிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கோபம். ஸ்பூனைத் தட்டில் வைத்தேன்.

"சிரிங்க. எங்கப்பாவும் இப்படித்தான் சிரிச்சாரு. ஒரு காலை வெட்டி எடுத்த பிறகும் எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை தவறாம இதைத்தான் ஆக்கிப் போட்டாங்க. பாசம்னு நெனச்சு விஷத்தைப் போட்டாங்க. அவரைக் கொன்னது சர்க்கரை இல்ல, எங்க வீட்டு அடுப்பு."

சிரிப்பு அப்படியே நின்றது.

அம்மா சங்க மண்டபத்தின் மூன்றாவது தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைப் பார்க்கக் கூடாது என்று பிரயாசைப்பட்டு வேறெங்கோ பார்த்தார்கள். அவள் பாய் பின்னிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஓர் இழை, அடுத்த இழை. தலை மட்டும் கொஞ்சம் குனிந்தது.

நான் பேச்சைத் தொடர்ந்தேன். என்ன பேசினேன் என்று இன்றைக்கு நினைவில்லை.

பேச்சு முடிந்ததும் நர்ஸுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். போதகரின் மனைவி எழுந்து தயங்கி நின்றாள். சமையல் கொட்டகையில் இருந்த பெண்கள் நடந்தது எதுவும் தெரியாமல் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுட்ட ஈரப்பலா, வாழைப்பழம், நடுவில் ஒரு தட்டு நிறைய சேம்பிலைப் பொட்டலங்கள். தேங்காய்ப்பாலும் வெங்காயமும் சேர்த்து உள்ளே வைத்துக் கட்டியிருந்தது பிசுப்போ. வாசனையிலேயே தெரிந்துவிட்டது.

அந்த மாதம் சாப்பாடு போடும் முறை யார் வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் வீட்டுப் பொட்டலம் எனக்குத் தெரியாதா? கடைசி இலையின் காம்பை இரண்டு சுற்று சுற்றிச் செருகும் பழக்கம் அப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே எழுந்து கல்லைத் தீயில் சுட வைத்து, அதன் மேல் பொட்டலங்களை மூடிச் சமைப்பது எங்கள் ஊரில் ஆம்பிளைகள் வேலை. கால் போன பிறகு அப்பா வாசலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அம்மா அதைக் கற்றுக்கொண்டாள். மகள் அதிகாரியாக ஊருக்கு வருகிறாள் என்று, அவள்தான் அன்று இருட்டோடு எழுந்து இதைச் செய்திருக்கிறாள்.

விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் கைவைப்பதில்லை. சமைத்த வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டும். அம்மா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து, விசிறியை எடுத்து என் எதிரே உட்கார்ந்தாள். விசிறினாள். அவள் மணிக்கட்டில் சூடு பட்டுச் சிவந்த ஒரு தடம் புதிதாக இருந்தது.

நான் ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துச் சாப்பிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமாம். சேம்பிலைத் தட்டைத் தொடவே இல்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையலம்பப் போனபோது மெலே சித்தி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். இப்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"ஏன்டி, அந்த டின்னெல்லாம் வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?"

"என்ன சித்தி?"

"படகுத்துறைக்குப் போயி ஒவ்வொரு பெட்டியையும் உங்கம்மாவோட சேர்ந்து தூக்கிட்டு வந்தவ நான். பெட்டி மேல யார் பேரு எழுதியிருந்துச்சு?"

நான் குழாயைத் திறந்து கையை அலம்பினேன்.

"டாக்டர் வேணாம்னதும் அவ அதையெல்லாம் என் வீட்டுக்குக் கொண்டாந்து போட்டா. போதகர் வீட்டுக்குக் குடுத்தா. வீட்ல ஒண்ணுகூட இல்லாம பண்ணா. உங்கப்பா சின்னப்பிள்ளை மாதிரி அழுதாரு. அப்புறம் யாரோ போன் பண்ணி அவளைத் திட்டினாங்களே, அது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

அதுவரை உண்மையாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சொன்ன மறு நொடி எல்லாம் வந்தது.

ஆக்லாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதியோர் இல்லத்தின் பின்வாசலில் நின்று வீட்டுக்குப் பேசினேன். நான்கு கிறிஸ்துமஸாக நான் ஊருக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பதிலாக ஒரு பெட்டி பிசுப்போ வந்தது. அப்பா போனை வாங்கியதும், "உங்கம்மா எல்லாத்தையும் ஒளிச்சுட்டாம்மா. எம்பொண்ணு அனுப்பினது, எனக்கு ஒரு வாய் இல்ல. ஊரெல்லாம் திங்குது" என்று குரல் உடைந்து அழுதார். எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"நான் யாருக்காக இங்க கெழவங்களைக் குளிப்பாட்டிக்கிட்டுக் கெடக்கறேன்? அப்பா ஆசைப்பட்டதைக் குடும்மா."

"டாக்டர் கூடாதுன்னாரு, பெனினா."

"ஒரு டின்னுல ஒண்ணும் ஆயிடாது. நான் நர்ஸு. எனக்குத் தெரியாதா?"

அம்மா அதன் பிறகு எதிர்த்துப் பேசவில்லை. நான் நர்ஸ் அல்லவா! அன்று காலையில்தான் ஒரு கிழவரின் அழுகிய குதிகாலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தேன். எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அப்பா அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

வீட்டுக்குப் போனேன். அம்மா எனக்கு முன்னால் வந்து, மிஞ்சிய பொட்டலங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏன் அங்கயே சொல்லல?"

"எதை?"

"நான்தான் குடுக்கச் சொன்னேன்னு."

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நாப்பது பேர் முன்னாடி வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு நிக்கறே. உன்னைப் படிக்க வெச்சது எல்லார் முன்னாடியும் பொய்க்காரியாக்கறதுக்கா? ஆக்கிப் போட்டது நான்தானே. நீ சொன்னதுல என்ன தப்பு?"

அவள் திட்டியிருந்தால் நான் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் டின் கொண்டுபோகவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி அனுப்பியது, அப்பா அழுதது, போனில் நான் சொன்னது, அம்மா ஒளித்து வைத்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தப்பை ஒத்துக்கொள்ளும் தைரியம் எத்தனை பேருக்கு வரும் என்று ஒரு நினைப்பு.

போதகரின் மனைவி அவசரமாகக் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தாள். அம்மா அன்று கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அவள் காதுக்குப் போய்விட்டது. நான் நுழைந்ததும் கையில் இருந்த தேங்காய்த் துருவியைக் கீழே வைத்தாள்.

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"உண்மையைத்தானம்மா சொன்னேன். உம்மேல பழி விழுந்துதே."

"எம்மேல விழுந்தா நான் தாங்கிப்பேன். இப்ப ஊரே பேசுது, சொலொமோனா ஒரு டின்னுக்காக அழுதானாம்னு. சபையில நின்னு பேசினா எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் கேப்பாங்களே, அந்த மனுஷன். அவர் அழுததை நானும் மெலேவும் ரெண்டு வருஷமா வாயைத் திறக்காம வெச்சிருந்தோம். நீ கூட்டம் போட்டுச் சொல்லிட்டு வந்திருக்கே."

"அம்மா..."

"முதல்ல என்னை வெட்கப்பட வெச்சே. இப்ப செத்தவரை. உன் மனசு லேசாகணும்னா போதகர்கிட்ட போய்ச் சொல்லு. ஊர்கிட்ட ஏன் சொன்னே?"

தப்பைச் சரிசெய்யப் போய் இன்னொன்று செய்திருந்தேன். மூன்று வாரம் அவள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிர என்னோடு வேறு எதுவும் பேசவில்லை.

டிசம்பரில் என் தம்பி ஃபெரெட்டி மனைவி பிள்ளைகளோடு ஆக்லாந்திலிருந்து வந்து இறங்கினான். வண்டியிலிருந்து முதலில் இறக்கியது இரண்டு பெட்டி பிசுப்போ. சந்தோஷமாகத் தோளில் தூக்கி வந்து அம்மாவின் காலடியில் வைத்தான். அவனுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது.

அம்மா பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன பண்றது இதை? உன்னைத்தான் கேக்கறேன்."

பெண்கள் சங்கத்தில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிற எனக்கு, அப்போது ஒரே ஒரு யோசனைதான் வந்தது.

"ஒரு டின்னை நாம எடுத்துப்போம்மா. மிச்சத்தை யாருக்காவது குடுத்துடலாம்."

"யாருக்கு? மெலேவுக்குப் போன வருஷம் சர்க்கரைன்னு சொல்லிட்டாங்க. நான் குடுத்த டின்னையெல்லாம் தின்னவதானே அவ. யாருக்குக் குடுத்தாலும் போகப்போறது அவங்க காலுதான், இல்லையா?"

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் அதைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. அவளுடைய வெட்கம் எதுவென்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. என்னுடையது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"என்னாச்சு உங்க ரெண்டு பேருக்கும்? மாட்டிறைச்சிம்மா, வெடிகுண்டு இல்ல" என்றான் ஃபெரெட்டி.

கடைசியில் ஒரே ஒரு டின்னைத் திறந்தோம். பெட்டிகளைப் பின்கட்டில் தள்ளினோம். என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை. ஃபெரெட்டி கல்லைச் சுட வைத்தான். அம்மா தேங்காய் பிழிந்தாள். நான் இலையை விரித்தேன். இளம் இலையை உள்ளே, முற்றியதை வெளியே என்று அவள் கையாலேயே மாற்றி வைத்தாள். பதினொரு பேருக்கு ஒரு டின். ஒவ்வொரு பொட்டலத்திலும் விரல் நகம் அளவு இறைச்சிதான் வந்தது.

நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. தேங்காய்ப்பால் இறுகி, இலை குழைந்து, உப்பு எங்கோ அடியில் தட்டுப்பட்டது. இன்னொன்று கிடைக்குமா என்று கண் தட்டைத் தேடியது. அம்மா பார்த்துவிட்டாள். தன்னுடையதில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.