பிரேக் இல்லாத நாற்காலி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்காவுக்கு அவளிடம் படிக்கிறவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடப் பழக்கம், அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. டி.வி.யில் யாராவது வேகமாக ஓட்டினால்கூடத் தரையைப் போட்டு மிதிப்பாள்.

இன்று அவள் மிதித்துக்கொண்டிருந்தது மருத்துவமனையின் இரண்டாம் மாடித் தரையை. எதிரே தம்பி. அவன் முன்னால் ஒரு தட்டு. சோறு, அவித்த காய், ஒரு முட்டை, பக்கத்தில் ஒரு வாழைப்பழம். அவளுக்கும் அதே. மேசையின் ஓரத்தில், தன் தட்டோடு உணவு ஆலோசகர்.

தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். போன மாதம் கடையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வருடமாகச் சாப்பாட்டைக் கண்டாலே அவனுக்குப் பயம். கடையில் சாப்பிட்டேன் என்று வீட்டிலும், வீட்டில் சாப்பிட்டேன் என்று கடையிலும் சொல்லி ஒப்பேற்றியிருக்கிறான். அதைவிட அக்காவைக் குடைந்தது வேறொன்று. அந்த வருடம் முழுக்க, "இளைச்சதும் முகமே களையா இருக்குடா" என்று மெச்சிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

இது நோய், வீம்பு இல்லை, குணமாகும் என்றார் டாக்டர். வாரா வாரம் ஆலோசகரோடு பேச வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் கூட உட்கார்ந்து சாப்பிடப் பழக வேண்டும். தம்பி அரைமனதாகத் தலையாட்டினான். லிஃப்டில் ஏறியதும் சொல்லிவிட்டான்:

"இன்னைக்கு ஒரு நாள் வந்து பாக்கறேன். ஒத்து வரலைன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன். அப்புறம் நீ கூப்பிடக் கூடாது."

அந்தப் பேச்சு இன்னும் காதில் இருந்தது. அவன் முதல் கரண்டியை எடுத்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படித்தான்! பதறாதே... மெதுவா... நேரா பாத்துக்கிட்டே..."

அவன் கரண்டியை வைத்துவிட்டான். "நான் சோறு திங்கறேனா, லைசென்ஸ் டெஸ்ட் குடுக்கறேனா?"

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மேடம், தட்டைப் பத்தி மட்டும் பேச வேண்டாம். எவ்வளவு போச்சு, எவ்வளவு மிச்சம், எதுவும் வேண்டாம். வேற ஏதாவது பேசுங்க."

"வேற என்னத்தைப் பேசறது? எனக்குத் தெரிஞ்சதே காருதான்."

"காரைப் பத்தியே பேசுங்களேன்."

"பேசட்டும் மேடம். ஆனா அக்கா காலைக் கொஞ்சம் கட்டிப்போடுங்க. நான் கரண்டியைத் தூக்கறப்பெல்லாம் மேசை ஆடுது," என்றான் தம்பி.

அக்கா இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"போன வாரம் ஒரு கணக்கு வாத்தியார் சேர்ந்தார்டா. ரிவர்ஸ் எடுக்கறேன்னு விளக்குக் கம்பத்துல லேசா தட்டிட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கதவைத் திறந்துட்டு இறங்கிப் போய், கம்பத்துகிட்ட 'மன்னிச்சுக்குங்க, கவனிக்கலை'ங்கறார்!"

"கம்பம் என்ன சொல்லுச்சு?"

"அது ஒண்ணும் சொல்லலையேன்னு இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டார்."

தம்பிக்குப் புரையேறியது. சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தான். சிரிப்போடு சிரிப்பாக நாலைந்து வாய் இறங்கிவிட்டது. அக்கா அதை எண்ணவில்லை. சரி, எண்ணினாள், வாய்விட்டு எண்ணவில்லை.

பாதித் தட்டில் அவன் முகம் மாறியது.

"போதும்க்கா. இறங்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள ஒரு குரல், 'வச்சுடு, வச்சுடு'ன்னு கத்துது."

'எனக்காக இன்னும் ரெண்டே வாய்டா' என்பது அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்படியே விழுங்கினாள். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் கற்றுக்கொள்கிறவனிடம் அவள் என்றைக்காவது கத்தியிருக்கிறாளா? கத்தினால் அவன் ஸ்டியரிங்கையே விட்டுவிடுவான்.

"கத்தட்டும் விடு," என்றாள். "வண்டி நின்னா பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கத்தான் செய்வான். அவன் அடிக்கறான்னு வண்டியை நடுரோட்டுல விட்டுட்டா இறங்கிப் போயிடறோம்? நான் பக்கத்துலதான் இருக்கேன். உனக்குத் தோணறப்ப கிளம்பு."

சொல்லிவிட்டுத் தன் முட்டையைத் தின்னத் தொடங்கினாள். ஆலோசகரும் தன் தட்டுக்குத் திரும்பினார். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"விடாம அடிக்கறான்க்கா ஹாரனை," என்றான் தம்பி.

"வேலைவெட்டி இல்லாத பய."

அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. கரண்டியை எடுத்தான். கண்ணில் நீர் கோத்தது, ஆனாலும் வாயில் வைத்தான். நிறுத்தி நிறுத்தி, தட்டைக் காலி செய்தான். கடைசியில் பழத்தையும் அவனே உரித்தான்.

"உடனே எழுந்திரிக்க வேண்டாம்," என்றார் ஆலோசகர். "சாப்பிட்டு முடிச்ச இந்த அரை மணி நேரம்தான் மனசு ரொம்பப் படுத்தும்." மேசை இழுப்பறையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டார். மூன்று பேரும் ஆடினார்கள். அக்கா அழுகுணி ஆட்டம் ஆடி இரண்டு முறை பிடிபட்டாள்.

சீட்டைக் கலைத்துக்கொண்டே தம்பி மெல்லக் கேட்டான்: "மேடம், இந்தப் புதன்கிழமைக் கூட்டம்னு சொன்னீங்களே, இதே பிரச்சினை உள்ளவங்க சேந்து பேசறது... அதுல ஆம்பளைங்க யாராச்சும் வராங்களா?"

"மூணு பேர் வராங்க. அதுல ஒருத்தர் ஹோட்டல் சமையல்காரர்."

"சமையல்காரருக்கா?"

"அவரும் இப்படித்தான் நம்பாமக் கேட்டாராம், 'ஊருக்கே சமைச்சுப் போடற எனக்கா சாப்பாட்டைக் கண்டா பயம்?'னு. நீங்க வந்தா ரெண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கும்."

"எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

அக்கா முந்திக்கொண்டாள். "ஆறு மணின்னா எனக்குக் கிளாஸ் இருக்கு, பரவாயில்ல, மாத்திட்டுக் கூட்டிட்டு வரேன்..."

"நீ வேண்டாம்க்கா. வீட்டுல எங்கூட உக்காந்து சாப்பிடு, அது போதும். புதன்கிழமை நானே வந்துக்கறேன்."

அவன் பெயரைப் பதியப் போனதும் அக்கா தாழ்வாரத்துக்கு ஓடிவந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அவன் என்னைத் துணைக்கு வரவேண்டாம்னுட்டான்ங்க!"

"அடக் கடவுளே. அதுக்கு ஏன்டி இப்படிச் சிரிக்கறே?"

பதில் சொல்ல முடியாத அளவுக்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.