குழந்தைகள் வார்டுக் கம்ப்யூட்டர்

அந்த ஆஸ்பத்திரியில் பழைய கம்ப்யூட்டருக்கு நடக்கிற மரியாதை மனுஷனுக்குக்கூட நடக்காது. ஓய்வு கொடுத்த பெட்டிகளை ஸ்டோர் முற்றத்தில் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றையும் திறந்து ஹார்ட் டிஸ்க்கை உருவி, டிரில் போட்டு நடுவில் ஓட்டை குடைந்து, அப்புறமும் ஆசை அடங்காமல் சுத்தியலால் ஒரு போடு போடுவார்கள். முதல் அடி நிர்வாகியுடையது. கோட்டைக் கழற்றிவிட்டு, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே அடிப்பார். நோயாளிகளின் ரகசியம் ஒரு சொட்டுகூட வெளியே கசியக்கூடாதாம். அதோடு பொறுப்பு முடிந்தது. மிச்ச உடம்பை லாரிக்காரர் அள்ளிக்கொண்டு போவார். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

சாவியக்கா மட்டும் ஒரு தடவை கேட்டாள். ஸ்டோர் அவள் பொறுப்பு. இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்குவதால் பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லாருக்கும் அவள் சாவியக்காதான். பழைய கருவிகளை முறைப்படி பிரித்து, விஷத்தைத் தனியே எடுத்து, உலோகத்தை உருக்கித் திரும்பப் பயன்படுத்துகிற கம்பெனி ஒன்று இருக்கிறது, அவர்களிடம் கொடுக்கலாமே என்றாள். அவர்கள் கூலி கேட்பார்கள். லாரிக்காரரோ தானே காசு கொடுத்து எடுத்துப் போகிறவர். "குப்பைய எடுக்கறதுக்கு நாம காசு குடுக்கணுமாம்மா?" என்று நிர்வாகி சிரித்தார். அவர் சிரித்தால் சிரிப்பதற்கென்றே அங்கே நாலு பேர் உண்டு, அவர்களும் சிரித்தார்கள். நமக்கெதற்கு வம்பு என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது அவளுடைய தங்கச்சி மகள் மூன்றாவது மாடியில், குழந்தைகள் வார்டில், முகத்தில் மாஸ்க்கோடு படுத்திருந்தாள். மூச்சு இழுப்பு. போன மாதம்தான் இதே வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. "பெரியம்மா, என் பொம்மை" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாள். தங்கச்சி கட்டிலை விட்டு நகர மாட்டேன் என்றாள். அதனால் மாற்றுத்துணியும் பொம்மையும் எடுத்துவர சாவியக்கா கிளம்பினாள்.

தங்கச்சி வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், வாடகை குறைவான சந்தில். கதவைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் நாக்கிலேயே கசந்தது. ஜன்னலை இறுக்கச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தாள் தங்கச்சி. அப்படியும் பொம்மையின் கன்னத்தைத் துடைத்தபோது விரலில் கரி ஒட்டியது. பின்னால் தினமும் எதையோ கொளுத்துகிறார்கள் என்று அவள் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள். எவனாக இருந்தாலும் இன்றைக்கு உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று பின்பக்கம் போனாள் சாவியக்கா.

சுவருக்குப் பின்னால் ஒரு பொட்டல். ஒயர்ச் சுருள்கள் எரிந்துகொண்டிருந்தன. வாயில் துணியைக் கட்டிய ஒருவன் கம்பியால் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஏன்யா, நீயெல்லாம் மனுஷனா? பச்சப்புள்ளைங்க இருக்கற இடம்னு தெரியல?"

பதில் சொல்லத் துணியை இறக்கியவனை இருமல் மடக்கிப் போட்டது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினான். எரிச்சலோடு முகத்தைத் திருப்பியவளின் கண்ணில் பக்கத்துக் குவியல் பட்டது. அதில் பாதி கருகிய ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கருகாத பக்கத்தில், சிவப்பு நெயில் பாலிஷில், 'குழந்தைகள் வார்டு' என்று எழுதியிருந்தது.

அவள் கையெழுத்து. ஸ்டிக்கர் ஒட்டினால் நர்சுகள் துடைத்துத் துடைத்தே உரித்துவிடுகிறார்கள் என்று, ஒவ்வொரு பெட்டியிலும் அவளே நெயில் பாலிஷால் எழுதி வைப்பாள்.

பெட்டியைக் குவியலிலிருந்து இழுத்துப் போட்டாள்.

"இது ஏது?"

"லாரில வரும்மா. கொட்டிட்டுப் போயிடுவாங்க. ஒயர எரிச்சா செம்பு கிடைக்கும், அதுதான் எங்களுக்கு. மிச்சத்த வச்சு நாங்க என்ன பண்றது? உங்களோடதுன்னா எடுத்துட்டுப் போங்களேன்."

அவன் நக்கலடிக்கவில்லை. கொஞ்சம் இடம் காலியாகட்டுமே என்றுதான் சொன்னான். அவனைத் திட்டுவதற்கென்று சேர்த்துவைத்த வார்த்தையையெல்லாம் அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதற்கு உரியவர் வேறொருவர்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினாள். டிரைவர் முகத்தைச் சுளித்துக் கண்ணாடியை இறக்கினார்.

ஆஸ்பத்திரி வந்ததும் துணியையும் பொம்மையையும் ஆயாவிடம் கொடுத்து மேலே அனுப்பினாள். ஸ்டோர் வாசலில் லாரி நின்றது. அடுத்த லோடு இன்றைக்குப் போகிறது.

"அக்கா, சாவி குடுங்க," என்றார் லாரிக்காரர்.

"இல்ல."

"இடுப்புல தொங்குதே!"

"தொங்கட்டும்."

நேராக நிர்வாகி அறைக்குப் போய், பெட்டியை அவருடைய கண்ணாடி மேஜைமேல் தொப்பென்று வைத்தாள். கரி கொட்டியது. நிர்வாகி பதறி எழுந்து, அந்த எழுத்தைப் படித்துவிட்டு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"டிஸ்க் உள்ள இல்லையே? அப்பாடா, நல்லவேளை."

"நல்லவேளையா? இது எங்க எரியுதுன்னு தெரியுமா சார்? இந்தப் புகையக் குடிச்சுத்தான் என் தங்கச்சி பொண்ணு நம்ம வார்டுலயே வந்து படுத்திருக்கா. நோயாளி பேரு வெளிய போயிடக்கூடாதுன்னு அந்த அடி அடிச்சீங்களே, மூச்சு போனா பரவாயில்லையா?"

"கத்தாதீங்கம்மா. லாரிக்காரர் யார்கிட்ட குடுக்கறாரு, அவங்க யார்கிட்ட தள்ளி விடறாங்க, எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிடுமோன்னுதான் நீங்க கேக்கல. வாய மூடிக்கிட்டு நின்னேனே, என்னையும் சேத்துத்தான் சொல்றேன். இப்ப அந்தக் கம்பெனிக்குப் போன் போடுங்க. அவங்க வண்டி வர்ற வரைக்கும் ஸ்டோரத் திறக்க மாட்டேன்."

"வேலை போயிடும், பாத்துக்கோங்க."

"போகட்டும்!"

ஏசி அறை. நாற்றத்துக்குப் போக வழியில்லை. பெட்டியிலிருந்து கிளம்பி மேஜை, நாற்காலி, கோட்டு என்று எல்லாவற்றிலும் ஏறியது. நிர்வாகிக்கு இருமல் வந்தது. கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டார்.

"முதல்ல இத வெளில கொண்டுபோய்ப் போடுங்க. மூச்சு முட்டுது."

"வெளிலன்னா எங்க சார்?"

அவர் ஜன்னல் பக்கம் கையை வீசினார். சாத்தியிருந்த கண்ணாடிக்கு அப்பால் பாலம் தெரிந்தது.

"அங்கதான் சார் போட்டோம். அங்க என் தங்கச்சி வீடு இருக்கு."

கீழே லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். சாவியக்கா நிர்வாகிக்கு எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நிர்வாகி இன்னொரு தடவை இருமினார். அப்புறம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, போனை எடுத்து அந்தக் கம்பெனியின் நம்பரைக் கேட்டார்.