பெனில்தாவின் நாற்பது ஊசிகள்

பெனில்தா செத்த மறுவருடம் அவளுடைய கொண்டை ஊசிகளில் முடி முளைத்தது. மொத்தம் நாற்பது ஊசி. டிசம்பர் பிறந்ததும் முளைக்கும், நாளுக்கு ஒரு விரற்கடை வளரும். நல்ல கருப்பு, தேங்காய் எண்ணெய் வாசம்கூட இருந்தது.

எங்கள் ஊர் சான் பெர்னாந்தோவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுயர விளக்கு நட்சத்திரம் செய்து பேட்டைக்குப் பேட்டை போட்டி போடுவார்கள். அதை ஆட்டுவிப்பது ஓர் இரும்பு டிரம். அதற்கு மின்சாரம் கொடுத்து, மேலே கொண்டை ஊசிகளை உரசும்படி வரிசையாகச் செருகி, ஒவ்வோர் ஊசியிலிருந்தும் ஒரு கொத்து பல்புக்கு ஒயர் இழுப்பார்கள். ஊசிக்கு அடியில் வெறும் இரும்பு வந்தால் எரியும், டேப் ஒட்டிய இடம் வந்தால் அணையும். டிரம்மைச் சுற்றச் சுற்ற நட்சத்திரம் ஆடும், அவ்வளவுதான் வித்தை. எங்கள் பேட்டைக்கு டிரம் சுற்றியவன் கிரிசாந்தோ. ஊசி செருகியவள் அவன் பெண்டாட்டி. நடுக் கொத்துகளுக்கான நாற்பதையும் தன் தலையிலிருந்தே உருவி உருவிச் செருகுவாள், போட்டி முடியும்வரை தலைவிரி கோலம்தான். "போடட்டுமா?" என்று இவன் கேட்பான். "போடுங்க" என்று அவள் சொன்ன பிறகே சுவிட்சைத் தொடுவான். பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டாவது வருடம், மழை வருகிறதே என்ற அவசரத்தில், கேட்காமல் போட்டுவிட்டான். பாவி, ஒரே ஒரு தடவை. ஊசியைப் பிடித்த கையோடு அவள் போய்ச் சேர்ந்தாள்.

முடி வழியே மின்சாரம் போகாது. ஊசிக்கும் இரும்புக்கும் நடுவே அது புகுந்துகொள்ள, அந்த நாற்பது கொத்தும் எரியாமல் நட்சத்திரத்தின் நடுவில் இருட்டாக ஓர் ஓட்டை விழுந்தது. கிரிசாந்தோ அதை வெட்டவில்லை, சீப்பால் வாரிவிட்டான். போட்டியன்று "போடட்டுமா?" என்று கேட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் காத்திருந்து போடுவான். ஓட்டை அப்படியே இருக்கும். பேட்டைத் தலைவர் மமெர்த்தோ பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"அடேய், கடையில புது ஊசி கொட்டிக் கெடக்குடா! நாலு வருசமா நமக்குக் கடைசி எடம். பக்கத்துப் பேட்டைக்காரன் பொத்தல் நட்சத்திரம்னு சிரிக்கிறான்."

"சிரிச்சிட்டுப் போறான் அண்ணே. அவ இன்னும் போடச் சொல்லல."

மமெர்த்தோ புது ஊசிப் பேச்சை விட்டார். பேட்டையும் பழகிக்கொண்டது. ஆறாம் வருடம் ஊசிகளில் நரை எட்டிப் பார்த்தபோது, "அவளுக்கும் வயசாகுதுல்ல" என்றார்கள் பெண்கள். பிறகு முடி மெலிந்தது, வெளுத்தது. கிரிசாந்தோவின் தலையும் கூடவே வெளுத்தது.

இருபத்து மூன்றாம் வருடம் டிசம்பர் பாதியாகியும் ஊசிகளில் ஒரு முடி இல்லை. தடவித் தடவிப் பார்த்தான். போட்டியன்று, "போடட்டுமா, பெனி?" என்று கேட்டான். காத்திருந்தான். போட்டான். நட்சத்திரம் முழுசாக எரிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது, முதல் பரிசு. கடைசிப் பாட்டுவரை டிரம்மைச் சுற்றிவிட்டு, சுவிட்சை அணைத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

"ஜெயிச்சதுக்கு யாராச்சும் அழுவாங்களாடா?" என்றார் மமெர்த்தோ.

"போடச் சொல்லிட்டா அண்ணே. போயிட்டா."

வெற்றி விருந்துக்கு வாங்கிய கோழிகள் துக்க வீட்டுக் கஞ்சிக்குப் போயின. செத்தவர்களுக்குச் சொல்லும் ஒன்பது நாள் ஜெபம் அவளுக்கு இரண்டாம் முறையும் நடந்தது. பாதிரியார் மறுப்புச் சொல்லவில்லை. ஊசிகளை அவள் கல்லறையிலேயே புதைத்தார்கள். அடுத்த டிசம்பரில் கடை ஊசிகள் வந்தன. கிரிசாந்தோ வழக்கம்போலக் கேட்டான். பதில் சொல்ல ஆளில்லை என்று தெரிந்தும் ஒரு பரலோக மந்திர நேரம் காத்திருந்தான். அதன் பிறகே போட்டான்.