ரிசர்வைத் தொடக் கூடாது

ஆஸ்டின் டவுனில் இருந்த அந்தச் சின்னச் சேவைக் கழகத்தின் ரிசர்வ் பணம் உறுப்பினர் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்று விதி போட வைத்ததே சுந்தரம்தான். பேங்கில் கிடக்கும் பணம் இல்லாதப்பட்டவர்களின் ஆபத்துக்கு. நமக்கு நாமே பங்கு போட்டுக்கொண்டால் ஊர் சிரிக்கும் என்று மேஜையைத் தட்டிப் பேசியவர். பேசும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது அவர் மனைவி தமயந்தி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தன் கடையின் ஜெராக்ஸ் மெஷினை விற்ற பிறகும் ஆபரேஷனுக்குப் பணம் தேறவில்லை. கழகத்தில் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

அந்த நேரம் பார்த்துப் பொருளாளர் கோமளம் கடைக்கு வந்தார். மீட்டிங் பிஸ்கட்டுக்குக்கூட பில் கேட்கிற கறார்ப் பேர்வழி.

“சுந்தரம் சார், கழகத்துலேர்ந்து விலகிக்கறேன்னு எழுதித் தாங்கோ. இன்னிக்கே வேணும்.”

“நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. எழுதுங்கோ, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

சுந்தரத்துக்குச் சுருக்கென்றது. சந்தா பாக்கி நிற்பதற்கா இந்த அவமானம்? கஷ்டத்தில் யார் கைவிட்டாலும் இவர்கள் விட மாட்டார்கள் என்றல்லவா நம்பியிருந்தார். வாதாடத் தெம்பில்லை; எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் தியோடர் போன் செய்தார். “மீட்டிங்குக்கு வந்து சும்மா உக்காருங்க சார், போதும்” என்று வற்புறுத்தவே சுந்தரம் போய்க் கடைசி நாற்காலியில் ஒண்டிக்கொண்டார்.

கோமளம் எழுந்தார். “ஒரு ஆபரேஷன் கேஸ். பேஷன்ட் பேரு தமயந்தி. வீட்டுக்காரர் போன வாரம் வரைக்கும் நம்ம மெம்பர். இப்ப இல்ல, அதனால ரூல் தடுக்காது. கொறையற பணத்த ரிசர்வ்லேர்ந்து குடுக்கலாம்.”

சுந்தரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை கைகளும் உயர்ந்தன.

“யாருக்காவது ஆட்சேபணை?” என்றார் தியோடர்.

பழக்கம் விடுமா? சுந்தரத்தின் கை தானாக மேலே போனது. “ரிசர்வைத் தொடக் கூடாது. எனக்காக ரூல வளைக்காதீங்க” என்றார்.

கோமளம் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

“வெளியாளுக்கு ஓட்டு கிடையாது சார். கையக் கீழ போடுங்கோ.”

கை இறங்கியது. அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் எதிரிலும் சுந்தரம் அழுதார்.