முதன்மை மேற்பார்வையாளர்

கலாநிதி நிரஞ்சனிக்கு அந்த மாதம் முழுக்க வயிறு எரிந்துகொண்டிருந்தது. 'கேஸ்ரிக்' ஆக இருக்கும் என்று கணவர் தேவராசா மாத்திரை வாங்கிக் கொடுத்தார். மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சலா அது? அதன் பெயர் இங்கிரிட்.

கண்டியிலும் நோர்வேயிலும் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி. குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடும் சின்னக் கருவி ஒன்றை உருவாக்க வேண்டும். கலாநிதிப் பட்டத்துக்காக அதைச் செய்பவள் தர்ஷிகா. இங்கே அவளுக்கு மேற்பார்வையாளர் நிரஞ்சனி, அங்கே இங்கிரிட். கடைசி வருடம் தொடங்குமுன் இருவரில் ஒருவரை முதன்மை மேற்பார்வையாளராக மாணவியே தெரிவு செய்து அறிவிக்க வேண்டும் என்பது விதி. எந்தப் புண்ணியவான் எழுதிய விதியோ, நிரஞ்சனியின் தூக்கம் போய்விட்டது.

முதன்மை மேற்பார்வையாளர் என்ற பெயர் பேராசிரியர் பதவிக்கு உதவும்தான். ஆனால் அவளுக்கு வேண்டியது அதுவல்ல. அவளுக்குத் தர்ஷிகா வேண்டும். கண்டி நகரின் மஹய்யாவையில் மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த கெட்டிக்காரி. அவளை ஆய்வுகூடத்துக்குள் கூட்டி வந்தது யார்? நிரஞ்சனி. அப்படியிருக்க, சிரிப்பும் கதையும் எல்லாம் இங்கிரிட்டோடு. தர்ஷிகா அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கருவி சரியாக வேலை செய்தாலும் பிழை விட்டாலும் முதல் செய்தி நோர்வேக்குப் பறக்கும். நிரஞ்சனிக்குக் கிடைப்பது "சரி மேடம்" மட்டும்.

தன்னையும் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் என்ன என்று ஒருநாள் யோசித்தாள். தர்ஷிகா 'நிரஞ்சனி' என்று கூப்பிடுவதை மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். சகிக்கவில்லை.

இந்த நிலையில்தான் இங்கிரிட் கண்டிக்கு வந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தர்ஷிகா வீட்டில் சாப்பாடாம். இங்கிரிட்டே சந்தோஷமாகச் சொன்னாள். நிரஞ்சனிக்குக் காதில் புகை வராத குறை. நேரே ஆய்வுகூடத்துக்குப் போனாள்.

"உம்மட வீட்டில விருந்தாம். எனக்குச் சொல்லேல்லயே?"

தர்ஷிகா திகைத்துப் போனாள். "இல்ல மேடம்... வீடு ரொம்பச் சின்னது. நீங்க வருவீங்கன்னு நெனைக்கல."

"ஏன் வரமாட்டன்? நானென்ன மகாராணியே?"

"ஐயோ, கட்டாயம் வாங்க மேடம்! அம்மா எவ்வளவு சந்தோசப்படுவாங்க!"

கேட்டு வாங்கிய அழைப்புத்தான். இருந்தாலும் நிரஞ்சனிக்குத் தலைகால் புரியவில்லை. கேக் வாங்கினாள், நல்ல சேலை உடுத்தாள். சாதி பார்க்காதவள் என்று தன்னைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

தர்ஷிகாவின் அம்மா இரஞ்சிதம் பக்கத்து வீட்டுக் கதிரைகளையும் இரவல் வாங்கித் துடைத்துப் போட்டிருந்தாள். "வாங்கம்மா, உக்காருங்க. எந்நேரமும் ஒங்க பேச்சுத்தான் இவளுக்கு."

நிரஞ்சனிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம், இங்கிரிட்டுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லுவோமா என்றுகூட நினைத்தாள்.

சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். இங்கிரிட் கையால் பிசைந்து பாதியை மடியில் கொட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். இரஞ்சிதம் குழாயில் இரண்டு தம்ளர் தண்ணீர் பிடித்து வந்து வைத்தாள். இங்கிரிட் எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

கோழிக்கறி உறைத்தது. நிரஞ்சனியின் இடக்கை கதிரைக்குக் கீழே போனது, பையைத் திறந்தது, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்தது. இரண்டு மிடறு இறங்கிய பிறகுதான் எல்லோரும் தன் கையையே பார்ப்பது அவளுக்கு உறைத்தது.

இரஞ்சிதம் தான் வைத்த தம்ளரைப் பார்த்தாள். "சுடுதண்ணி போடவாம்மா?"

"இல்லை, இல்லை... எனக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்லை."

தர்ஷிகா தலை நிமிரவில்லை. "இந்தக் குழாயையும் டெஸ்ட் பண்ணினோம் மேடம். ஒரு கிருமியும் இல்ல. நீங்கதான் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க."

நிரஞ்சனி பாய்ந்து தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தாள். குடித்து என்ன பயன்? அந்த நேரத்திலும், இங்கிரிட்டின் காலித் தம்ளரைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவள் எவ்வளவு சுலபமாகக் குடித்துவிட்டாள்!

வீதிக்கு வந்து ஓட்டோ பிடித்தார்கள். இங்கிரிட் முதலில் ஏறிக்கொண்டாள். நிரஞ்சனி தயங்கி நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக விட்டுக்கொடுக்கத் தோன்றியது.

"பிள்ளை, அந்த முதன்மை மேற்பார்வையாளர் விசயம்... நீர் இங்கிரிட்டின்ர பேரையே குடும். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"காலைலயே அனுப்பிட்டேன் மேடம்."

"ஆரின்ர பேர்?"

"ஒங்க பேருதான்." தர்ஷிகா வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வீட்டுக்கு வர்றேன்னு சொன்னீங்கல்ல. அந்தச் சந்தோசத்துல அனுப்பிட்டேன்."

நிரஞ்சனி ஏறி உட்கார்ந்தாள். ஓட்டோ புறப்பட்டபோது தர்ஷிகா இங்கிரிட்டுக்குக் கை காட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.