கொடுத்தது யார்?

ஒச்சம்மாள் வரப்போரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரல்களால் மண்ணைக் கெல்லிக்கொண்டிருந்தாள். அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த வயல். மேல்மண் சுட்டது; நகக்கண்ணில் ஏறி வலித்தது. ஒரு பிடி தேறியதும் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். எழுந்தவளுக்குக் கால் உடனே நகரவில்லை. இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது.

வீட்டில் அவள் புருஷன் காசிமாயன் நேற்றிலிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தான். பால் ஊற்றிப் பார்த்தாயிற்று. பால் கடைவாயில் வழிந்ததே தவிர மூச்சு அடங்கவில்லை. "மண்ணாசையா இருக்கும். வயக்காட்டு மண்ணைக் கரைச்சு ரெண்டு சொட்டு விட்டா உசுரு நிம்மதியாப் போயிரும்" என்று அவனுடைய அக்காள் செல்லத்தாய்தான் அவளை வயலுக்கு விரட்டியிருந்தாள்.

மண்ணாசையாம்! கைக்கு வந்ததையெல்லாம் வாரிக் கொடுத்த மனிதனுக்கு மண்ணாசை!

வேகமாக நடந்தாள். தெருமுனையில் வெள்ளைத்துரையின் வீடு. வாசல் கட்டிலில் இருந்தவன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"மதினி... அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் நெருங்கிய பங்காளிதான்; காசிமாயனுக்கு இளையவன். காசிமாயன் ரங்கூன் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே அவளுடைய தண்ணீர் முறையில் மடையை அடைத்தவன். "வெள்ளாமை கருகுது, இன்னைக்கு ஒரு பொழுது விடுங்க" என்று அவள் வாய்க்கால் கரையில் விழுந்து கும்பிட்டபோது, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, விழுந்து கிடந்தவளைத் தாண்டிப் போனவன். சுற்றிக்கூடப் போகவில்லை. தாண்டித்தான் போனான்.

வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். செல்லத்தாய் மண்ணை வாங்கிச் செம்பில் கரைத்து, தெளிவை மட்டும் சங்கால் அள்ளித் தம்பியின் வாயில் விட்டாள். எல்லோரும் அவன் நெஞ்சையே பார்த்தார்கள். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. வலது கை பாயைப் பிறாண்டியது.

"குடுத்துக் குடுத்துக் கை நீண்டுபோன மனுசன், உசுரைக் குடுக்க மட்டும் இம்புட்டு யோசிக்கிறாரே!" என்றாள் பக்கத்து வீட்டு முத்துத்தாய். யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

"ஏண்டி, சும்மா கிட" என்று அதட்டிவிட்டு, செல்லத்தாய் யோசித்தாள். "மண்ணாசை இல்லேன்னா பொன்னாசை. ஒரு குந்துமணிப் பொன்னு கிடைச்சாலும் உரசி ஊத்தலாம்."

அத்தனை கண்களும் ஒச்சம்மாளின் காதுகளுக்குப் போயின. தோள் வரை தொங்கிய அந்தக் காதுகளில் ஒன்றுமில்லை.

"இந்த வீட்டுல ஏது பொன்னு, அத்தாச்சி?" என்றாள் ஒச்சம்மாள். குரல் தடித்து வந்தது. சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். நகத்து மண் போகவில்லை.

அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது, காடும் மலையும் நடந்து வந்து சேர்ந்தவன் காசிமாயன். பணம் கொண்டுவரவில்லை. ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தான். கோழி கூவும் நேரத்தில் கிணற்றடியில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். மில்லுக்குப் பக்கத்துப் புத்த மடத்தில் ஒரு பொங்கிச் சாமியார் சொல்லிக்கொடுத்ததாம். ஊர் அவனுக்கு 'பர்மாச் சாமி' என்று பெயர் வைத்தது.

"அப்படி என்னதான் சாமி கும்புடுறீக?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல, பிள்ளே. மனசைப் பழக்குறது. முதல்ல, நான் நல்லா இருக்கணும்னு நினைக்கணும். அப்புறம் வேண்டப்பட்டவுக. அப்புறம் முன்னப்பின்ன தெரியாத ஆளு. கடைசியா, நமக்குக் கேடு செஞ்சவன்."

"முதல்ல நீங்கதானாக்கும்! நல்ல சாமியாரு!"

"தனக்கே தண்ணி இல்லாத கிணறு ஊருக்கு என்னத்த இறைக்கும்?" என்று அவன் சிரித்தான். "கேடு செஞ்சவன்கிட்ட வாரப்ப நெஞ்சு கல்லாட்டம் நிக்கும். நின்னா மறுபடி நம்மகிட்டருந்து ஆரம்பிக்கணும். அம்புட்டுத்தேன். ஆனா உக்காந்து நினைச்சதை எந்திரிச்சுக் கையால செய்யணும். செய்யாட்டி அது வெறும் தூக்கம்."

அவன் கையால் செய்தான். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் ஊர் வழியே போனபோது குதிரில் இருந்த நெல்லை இறக்கிக் கஞ்சி காய்ச்சினான். புருஷனை வழியிலேயே பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்குச் செவலைப் பசுவை ஓட்டிவிட்டான். போன வைகாசியில் வெள்ளைத்துரையின் மகள் கல்யாணம் நகையில்லாமல் நின்றுபோக இருந்தது. அப்போது அடுக்குப் பானைக்குள் ஒச்சம்மாள் வைத்திருந்த தண்டட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். அவள் அம்மா காதில் கிடந்த பொன் தண்டட்டி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகுதான் அவளிடம் ஒன்று கேட்டான்.

"கடைசியில மனசு குரங்காட்டம் அங்கிட்டும் இங்கிட்டும் தாவும், ஒச்சம்மா. அப்ப நீ பக்கத்துல உக்காந்து, நான் குடுத்ததை ஒண்ணொண்ணாச் சொல்லு. அதக் கேட்டா மனசு குளுந்து ஒரு இடத்துல நிக்கும். அந்த ஊருல அப்படித்தேன் செய்வாக."

"சொல்லுறதுக்கென்ன மாமா? நாள் பூராச் சொல்லலாம். அம்புட்டும் எம் பொருளுதானே!"

சுருக்கென்று சொல்லிவிட்டாள். இத்தனை காலம் நாக்கு நுனியில் இருந்தது. அவன் கோபிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான், புதிதாக யாரையோ பார்ப்பதுபோல. அதற்குப் பிறகு அவன் சரியாகப் பேசவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. அந்தப் பார்வை மட்டும் அவள் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது.

ஈரக்கையோடு உள்ளே வந்தாள்.

"எல்லாரும் செத்த வெளிய இருங்க."

"என்னடி இது? போற உசுரு..." என்று செல்லத்தாய் ஆரம்பித்தாள்.

"அத்தாச்சி, உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன். போங்க."

கதவை ஒருக்களித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. விளக்குத் திரியைத் தூண்டினாள். ஈயை விரட்டினாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"மாமா, நான்தான். சொல்றேன் கேளுங்க. குதிரு நெல்லைக் குடுத்தீக."

பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. அவளுக்கே பிடிக்கவில்லை. அவன் கை பாயை இன்னும் பலமாகப் பிறாண்டியது.

"செவலையைக் குடுத்தீக. பாலுக்குக் கன்னு கத்துச்சு..."

அவன் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"கேக்கல..."

"காது கேக்கலையா மாமா? சத்தமாச் சொல்லவா?"

தலை லேசாக ஆடியது. இல்லை.

"ஒன்னிய... கேக்கல..."

அவள் எழுந்துவிட்டாள். கதவு வரை போனாள். வெளியே பெண்களின் பேச்சு கேட்டது. திரும்பி வந்தாள். ஊரில் இருக்கிறவன், இல்லாதவன், கேடு செய்தவன் என்று வரிசை வைத்து நினைத்த மனிதன். அந்த வரிசையில் பக்கத்துப் பாயில் கிடந்தவளைத் தவறவிட்டுவிட்டான். இப்போது அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதை எடுக்க அவளைத் தவிர ஆளில்லை.

எதைச் சொல்வது? பொய் சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். எப்போதுமே தெரிந்துவிடும்.

"நெல்லு..." என்றாள். "நெல்லை நீங்க மட்டுமா குடுத்தீக? குதிருக்குள்ள இறங்கி அள்ளுனது யாரு? நான்தானே. கஞ்சியை ஊத்துனதும் நான்தானே. ஒரு கிழவன் மறுக்கா வந்து கையை நீட்டுனான். நீங்க பாக்கல. நான் ஊத்துனேன்."

அது உண்மைதான். சொன்ன பிறகே அவளுக்கு அது உண்மை என்று தெரிந்தது.

"செவலைக்கு அழுதேன். இல்லேங்கல. ஆனா கன்னையும் கூடவே ஓட்டிப் போகச் சொன்னது நானு. தாயில்லாம இது என்னத்துக்குன்னு."

பிறாண்டிய கை நின்றது. மூச்சு மட்டும் இழுத்தது. மிச்சம் ஒன்று இருந்தது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வாயைத் திறந்தாள். வாய்க்கால் கரையும், தன்னைத் தாண்டிப் போன அந்தக் காலும் கண்ணுக்குள் வந்தன. வாயை மூடிக்கொண்டாள். நெஞ்சு கல்லாட்டம் நின்றது.

நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

அவளுக்குச் சம்மணம் போடத் தெரியாது. காலை நீட்டி உட்கார்ந்தபடியே, வெட்கப்பட்டுக்கொண்டு, ரகசியம்போலச் சொன்னாள்: "நான் நல்லா இருக்கணும்."

குரல் உடைந்துவிட்டது. பிறந்த வீட்டிலும் சரி, வாக்கப்பட்ட வீட்டிலும் சரி, அவளைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளும் சொல்லிக்கொண்டதில்லை. இன்னொரு தடவை சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

"மாமா நல்லா இருக்கணும்... வழியில போறவுக நல்லா இருக்கணும்..."

அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெயர் வரவே இல்லை. அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, அந்தத் தண்டட்டி. அன்னைக்கு நீங்க குடுத்தது செல்லாது. எம் பொருளை நீங்க எப்படிக் குடுப்பீக? கேட்டீகளா? கேக்கல. அதனால..." மூச்சு வாங்கினாள். "அதனால இன்னைக்கு நான் குடுக்குறேன். என் கையால குடுக்குறேன். கேட்டுச்சா?"

கேட்டதா என்று சொல்ல அவனால் முடியவில்லை. ஆனால் நெஞ்சு தூக்கிப் போடுவது நின்றது. மூச்சு, களத்தில் படுத்துக்கொண்ட மாட்டினுடையதுபோல, நீளமாக வந்து போனது. பிறகு இடைவெளி விட்டு வந்தது. தெருவில் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து மறையும்போது, அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். காத்திருந்தாள்.

செல்லத்தாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்து, மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள்.

விடிந்ததும் கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மூங்கிலில் பாடை கட்டியாயிற்று, குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. ஊர்ப் பெரியவர் நல்லகாமன் ஆட்களைப் பார்த்தார்.

"பங்காளி மூணு பேருதானப்பா நிக்கிறீக. பின்பக்கத்துக்கு ஒரு தோளு வேணுமே."

வேலிப்படலுக்கு வெளியே வெள்ளைத்துரை நின்றான். உள்ளே வரலாமா என்று தெரியாமல் படலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அவன் தொட்டா ஒச்சம்மா பொறுப்பாளா?" என்று செல்லத்தாய் அழுகைக்கு நடுவே கேட்டாள். கூட்டம் ஒச்சம்மாளைப் பார்த்தது.

நேற்றுச் சாகக் கிடந்தவனிடம் சொன்னது எளிதாக இருந்தது. இப்போது நிற்பவன் அதே ஆள், அதே கால்கள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாடையின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள், கால்மாட்டில் உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில், வாசலை மறித்து நின்றிருந்த பெண்களைக் கையால் ஒதுக்கினாள். வழி மட்டும் விட்டாள்.

வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டு வந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். கொட்டு முழங்கியது. பாடை எழும்பியது.

பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். ஒச்சம்மாள் பின்னாலேயே நடந்தாள். மற்ற மூவரும் நெடிய ஆட்கள், வெள்ளைத்துரை குட்டை. பாடை அவன் பக்கம் சாய்ந்து, மூங்கில் அவன் காறை எலும்பில் இறங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வைத்தான். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டான் என்று தெரிந்தது.

தெருமுனை வந்துவிட்டது. பெண்கள் நின்றார்கள்.

"கொழுந்தனாரே."

கொட்டுச் சத்தத்திலும் அவனுக்குக் கேட்டுவிட்டது. திரும்ப முடியாமல் நின்றான். நால்வரும் நின்றார்கள்.

"தலைத் துண்டை நாலா மடிச்சுத் தோளுல வச்சுக்கங்க. சுடுகாடு வரைக்கும் மேடு."

அவன் ஒரு கையால் மூங்கிலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் துண்டை உருவி, தடுமாறித் தடுமாறி மடித்தான். ஒரு முனை நழுவியது. அவளே எட்டி அதை மூங்கிலுக்கடியில் செருகிவிட்டாள்.

பாடை மட்டமாகி, மேட்டில் ஏறிப் போயிற்று.