ஆறப் பொறுக்காதவர்

எங்கள் தெருவில் என் அம்மாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தூங்குமூஞ்சி. காய்கறிக்காரர் முதல் கடைசி வீட்டு வாத்தியார் வரை அதைச் சொல்லித்தான் எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். பள்ளியில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சில் நாலு பேர் குறட்டை விடுவார்கள். அதில் இரண்டு பேர் மூக்கை உடைத்திருக்கிறேன். அது வேறு கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல் அடித்தாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், படுக்க மாட்டாள். யாராவது கதவைத் தட்டினால் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் திறப்பாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தால்கூடப் போதும், ஏதாவது சொல்லிவிடுவார்களாம்.

பெயர் வைத்த புண்ணியவான் ஒரு லாண்டரி முதலாளி. அவரிடம் துணி உலர்த்தும் கொட்டகையில்தான் அம்மா வேலை பார்த்தாள். ஹோட்டல்களிலிருந்து சமையலறைத் துணிகள் மூட்டை மூட்டையாக வரும். எத்தனை துவைத்தாலும் அதில் எண்ணெய்ப் பிசுக்கு முழுசாகப் போகாது. அவற்றைப் பெரிய டிரம்மில் போட்டு, நீராவியில் சூடான காற்றை உள்ளே விட்டுச் சுழற்றிக் காயவைப்பார்கள். காய்ந்த பிறகு நீராவியை அடைத்துவிட்டு வெறும் காற்றில் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் இன்னொரு லோடு போட்டுவிடலாமே. "காஞ்சாச்சுல்ல, எடுத்து அடுக்கு" என்று சொல்லிவிட்டார்.

அம்மா சூட்டோடு சூடாக எடுத்துத் தள்ளுவண்டியில் அமுக்கி அடுக்கினாள். மத்தியானம் அதன் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுக்கின் நடுவிலிருந்து புகை வந்தது. வண்டியை வெளியே இழுப்பதற்குள் பற்றிக்கொண்டது. கொட்டகையில் பாதி போயிற்று. ஓடிவந்த முதலாளி கண்ணில் பட்டது ஸ்டூலும் அம்மாவும்தான். பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது. "தூங்கிட்டா" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். "நான் கண்ணை மூடவே இல்லைங்க" என்று அம்மா அழுததை எவர் காதில் போட்டுக்கொண்டார்? அதற்கப்புறம் எந்த லாண்டரியும் அவளை வாசல் மிதிக்க விடவில்லை.

நான் மெஷின் வடிவமைக்கப் படித்தேன். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டவர்களிடம் ஆர்வம் என்று சொல்லிவைத்தேன். ஆர்வமாவது மண்ணாவது. கறுவிக்கொண்டே படித்தேன். என்றாவது ஒரு நாள் அந்த ஆளின் வாயாலேயே "அவள் தூங்கவில்லை" என்று சொல்லவைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, அந்த முதலாளி வீட்டு மருமகளே நான் வேலை செய்யும் பட்டறைக்கு வந்தாள். லாண்டரியை இப்போது அவள்தான் நடத்துகிறாள். "எங்க டிரையர் விறகைத் தின்னு கொழுக்குது. பாய்லருக்குப் போட்டே நாங்க போண்டி ஆயிடுவோம் போலிருக்கு. நீராவி கம்மியாக் குடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" என்றாள்.

"முடியும்" என்றேன். எந்த லாண்டரி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, "கட்டாயம் முடியும்" என்றேன்.

மெஷினில் ஏதாவது கோளாறு வைத்தாயா என்று கேட்பீர்கள். சீச்சீ. எனக்கு ஆள் மேல்தான் கோபம், மெஷின் என்ன பாவம் செய்தது? என் வாழ்க்கையிலேயே அதைவிட நன்றாக ஒன்றை நான் செய்ததில்லை. பழைய டிரையரில் சூடான காற்றில் பாதி, டிரம்முக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இருந்த சந்து வழியாகத் துணியைத் தொடாமலே ஓடிப்போய்க்கொண்டிருந்தது. அந்தச் சந்தைக் கம்பளிப் பட்டை வைத்து அடைத்தேன். வெளியே போகும் காற்றில் பாதியைத் திருப்பி உள்ளேயே விட்டேன். நீராவி குளிர்ந்து வடியும் வெந்நீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே அனுப்பினேன். கடைசியாக ஒன்று செய்தேன். துணி முழுசாகக் காய்வதற்கு முன்பே, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, நீராவி தானாக அடைபடும். அதற்கப்புறம் டிரம் இரும்பில் தேங்கியிருக்கும் சூடே மிச்ச ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வாங்க வாங்க இரும்பும் ஆறும், துணியும் ஆறும். ஆறவிடும் நேரம் வீண் நேரம் என்று நினைத்தார் அந்த மனிதர். என் மெஷின் மிச்சம் பிடிப்பதே அந்த நேரத்தில்தான்.

முதல் ஓட்டத்தைப் பார்க்க முதலாளி வந்தார். தலை வெளுத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வேலைக்காரியின் மகள் முகத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

மருமகள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். விறகு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. முதலாளி மட்டும் நீராவி அடைபட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருந்த டிரம்மையே முறைத்தார்.

"இது ஏன் சும்மா சுத்துது?"

"சும்மா இல்லைங்க. ஆறுது" என்றேன்.

"ஆற என்ன இருக்கு? அதை எடுத்துடு. அந்த நேரத்துல இன்னொரு லோடு போடலாம்."

எனக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஏறியது. அதே பேச்சு, ஒரு எழுத்து மாறவில்லை.

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா மாமா?" என்று மருமகள் சிரித்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது அவருக்குச் சுருக்கென்றது.

"சிரிங்க, சிரிங்க. துணி சூடா இருந்தா என்ன, தானாவா பத்திக்கும்? பக்கத்துல இருக்கிறவ தூங்கினாத்தான் பத்தும். ஒரு தூங்குமூஞ்சியை வேலைக்கு வச்சு என் கொட்டகையே போச்சு, தெரியுமா உங்களுக்கு?"

நான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. "அப்ப ஒரு சோதனை பண்ணிப் பாத்துடலாங்க" என்றேன். குரல் எப்படி அவ்வளவு பணிவாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். "சமையலறைத் துணியைப் பழைய டிரையர்ல காயவச்சு, ஆறவிடாம எடுத்து, முற்றத்துல வண்டியில அடுக்கி வைப்போம். பக்கத்துல நீங்களே உக்காருங்க. தூங்காத ஆள் இருந்தாத் தீ பத்தாதுல்ல?"

"பத்தாது."

"பத்தலைன்னா நீங்க சொன்ன மாதிரியே எடுத்துடறேன்."

"உக்கார்றேன். எனக்கென்ன பயமா?" என்றார். பொய்யைச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் வாயால் கெட்டதாம் தவளை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இப்பப் போய் அதை ஏன்டி கிளறிக்கிட்டு?"

"எனக்கு ஆறலையே."

"நீ போய் என்னவோ பண்ணிக்க. நான் எதுக்கு?"

"அன்னைக்கு எப்படி அடுக்கினியோ அப்படியே அடுக்கணும். அது உனக்குத்தாம்மா தெரியும். வேற யாராவது அடுக்கி அது பத்தாமப் போச்சுன்னா, அந்த ஆள் சொன்னதுதான் உண்மைன்னு ஆயிடும்."

காலையில் நான் கிளம்பியபோது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

முற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினோம். சுற்றிலும் மணல் வாளிகளும் தண்ணீர்க் குழாயும் தயாராக இருந்தன. முதலாளிக்கு நாற்காலி கொண்டுவரப் போனாள் மருமகள். "வேண்டாங்க, ஸ்டூல் போதும்" என்று நானே ஒன்றைத் தேடி எடுத்துவந்து போட்டேன். அவர் உட்கார்ந்தார். டிரம்மிலிருந்து துணி வந்தது, கையில் பிடிக்க முடியாத சூடு. அம்மா வாங்கி அடுக்கினாள். ஒவ்வொரு வரிசைக்கும் முழங்கையை ஊன்றி உடம்பைச் சாய்த்து அமுக்கினாள். அத்தனை வருஷம் கழித்தும் கைக்கு மறக்கவில்லை.

அந்த முழங்கையைப் பார்த்துத்தான் அவருக்கும் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"நீயா?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. கடைசித் துணியை அமுக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேருடைய ஒரே மாதிரி மூக்கைப் பார்த்தார். மெல்ல எழுந்தார். "எனக்கு வேற வேலை இருக்கு."

"உக்காருங்க மாமா. நீங்கதானே உக்கார்றேன்னீங்க?" என்றாள் மருமகள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது, சோதனை முடிய வேண்டும் அவ்வளவுதான். ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் உட்கார்ந்தார்.

பிறகு காத்திருப்பு. வெயில் ஏறியது. அவருக்கு டீ வந்தது, குடித்தார். நான் அவ்வப்போது அடுக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முதலில் சூடு குறைகிற மாதிரி இருந்தது. பற்றவில்லை என்றால்? அம்மாவை நானே கூட்டிவந்து இத்தனை பேர் முன்னால் இரண்டாம் தடவை தூங்குமூஞ்சி ஆக்கின பெருமை என்னைச் சேரும். அவரும் என் முகத்தைப் படித்துவிட்டார்.

"என்ன, துணி இன்னும் முழிச்சுக்கலையா?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த தடவை கையை விட்டபோது விருட்டென்று இழுத்துக்கொண்டேன். மேலே இருந்த துணிகள் ஆறியிருந்தன, நடு அடுக்கு முன்னைவிடக் கொதித்தது. துணியில் தங்கிய எண்ணெய் தானாகவே சூடாகிக்கொண்டிருந்தது, அமுக்கின அடுக்கிலிருந்து அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. அவராகப் பார்க்கட்டும் என்று தள்ளி நின்றுகொண்டேன்.

முதலில் வாடை வந்தது, அடிபிடித்த பாத்திரத்து வாடை. அவர் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் அடுக்கின் நடுவிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு பருமனாயிற்று. அவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆட்கள் மணலைக் கொட்டினார்கள், மருமகள் குழாயைத் திறந்தாள். புகை அடங்கிய பிறகு நடுத்துணி ஒன்றைக் குச்சியால் இழுத்துப் போட்டேன். கரிக்கட்டை.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"நான் கண்ணை மூடவே இல்லை."

"நானும் அன்னைக்கு இதையேதாங்க சொன்னேன்" என்றாள் அம்மா.

அந்த நிமிஷத்துக்காக நான் ஒரு வாக்கியம் கூர் தீட்டி வைத்திருந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து தீட்டியது. அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆனால் அவ்வளவு சுலபத்தில் விட நான் என்ன அம்மாவா?

"கேக்கலைங்க. அவங்க தூங்கலைன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும், வா."

"போதாது."

மருமகள் இப்போது சிரிக்கவில்லை. விஷயம் அவளுக்குப் புரிந்திருந்தது. குழாயைக் கீழே போட்டுவிட்டு, "சொல்லுங்க மாமா" என்றாள்.

அவர் ஸ்டூலைப் பார்த்தபடி சொன்னார். "அவ தூங்கலை. ஆறவிடாம எடுக்கச் சொன்னது நான்தான்."

"அவங்க" என்று திருத்தினேன்.

"அவங்க தூங்கலை."

பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள், பின்னால் நின்றவர்களுக்கு அவர்கள் சொன்னார்கள். லாண்டரி ஆட்களின் வாய்க்குப் பூட்டு ஏது? சாயங்காலத்துக்குள் அவருக்கு ஒரு பெயர் தயாராகிவிட்டது: முழிச்சவர். அடுத்த வாரம் மெஷினுக்குக் கம்பளிப் பட்டை மாற்றப் போனபோது வாசலில் ஒரு டிரைவர், "முழிச்சவர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயிறாரச் சோறு சாப்பிட்ட மாதிரி இருந்தது. அற்ப சந்தோஷம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

டிரையர் அங்கே நன்றாக ஓடுகிறது. ஆறவிடும் நேரத்தில் யாரும் கை வைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஏதோ எடுக்க வீட்டுக்கு வந்தேன். வானொலி சத்தம் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. அம்மா பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை வந்தது, சின்னக் குறட்டை. நான் அசையாமல் நின்று கேட்டேன். நின்றவாக்கில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கதவு தட்டும் சத்தம். பாய்ந்து போய்த் திறந்தேன். கடைசி வீட்டு வாத்தியார்.

"அம்மா இல்லையா?"

"தூங்குறாங்க" என்றேன், தெருவுக்கே கேட்கட்டும் என்று.